சந்தா கட்டியும் கரகரப்பு

காரில் சந்தா கட்டிக் கேட்கும் செயற்கைக்கோள் ரேடியோவில் எனக்கு முதல் கோபம் பாட்டின் மேல் இல்லை, சந்தாவின் மேல்தான். சேரும்போது ஒரு விலை, சலுகைக் காலம் முடிந்ததும் வேறு விலை, நிறுத்தப் போனால் மட்டும் திடீரென்று பாதி விலைக்குத் தருகிறோம் என்கிறார்கள், அதை முதலிலேயே தந்தால் என்னவாம்? சரி, கொடுத்த காசுக்கு ஒலியாவது நன்றாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இருக்கிற கொஞ்ச அலைவரிசைக்குள் அத்தனை சேனல்களையும் அமுக்கித் திணிப்பதால் ஜால்ராச் சத்தமெல்லாம் தண்ணீருக்குள் கேட்பது போல வரும். நீளமான சுரங்கப்பாதைக்குள் போனால் அதுவும் போச்சு.

செல்போன் டவரே இல்லாத நெடுஞ்சாலையிலும் பாடும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் போனில் பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வைத்தால் போதுமே. டவர் இருக்கும் இடங்களில் நேரடி ஸ்ட்ரீமிங் என்றாலும் 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 60 எம்பிக்குள்தான் செலவாகும்.

என் விருப்பம் இன்னும் பழசு: ஒரு 32 ஜிபி பென் டிரைவ். 256 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 5 நிமிடப் பாட்டு 10 எம்பி கூட வராது, 3,000 பாட்டு தாராளமாக அடங்கும். அப்புறம், மறக்காமல் பென் டிரைவை எஃப்ஏடி32 (கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு பழைய முறை) முறையில் ஃபார்மட் செய்யுங்கள், பழைய கார் ஸ்டீரியோக்கள் பலவும் வேறு எதையும் படிக்காது.