ஒரே வியாழனில் ஹாலோவீனும் தீபாவளியும்

அக்டோபர் 22, 2024, செவ்வாய்

மனிதவளப் பிரிவிலிருந்து மடல் வந்துவிட்டது. 31ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு, பேய்ப் பண்டிகையான ஹாலோவீனுக்கு விருந்து, வேஷப் போட்டியும் உண்டு. பொய் ரத்தம் அளவோடு இருக்கட்டும், ஆயுதம் வேண்டாம், பிற நாட்டார் உடையை வேஷமாகப் போட வேண்டாம். காலண்டரைப் பார்த்தால் அன்றைக்குத்தான் தீபாவளி! டப்ளினில் தீபாவளிக்கு விடுமுறை கிடையாது. ஹாலோவீனுக்கும் கிடையாது, அக்டோபரின் கடைசித் திங்கள்தான் பொது விடுமுறை. மிச்சமிருக்கும் விடுப்பைப் பொங்கலுக்கு ஊருக்குப் போக வைத்திருக்கிறேன். ஆக, தீபாவளி அலுவலகத்தில்தான்.

அக்டோபர் 25, வெள்ளி

கேன்டீனில் பூசணிக்காய்களை அடுக்கியாயிற்று. கணக்குப் பிரிவில் இருக்கும் மேயோக்காரருக்கு (மேயோ, அயர்லாந்தின் மேற்கே ஒரு மாவட்டம்) அதைக் கண்டாலே ஆகவில்லை. "இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது" என்கிறார். அயர்லாந்தில் முன்பு டர்னிப் கிழங்கைத்தான் முகம்போலக் குடைந்து உள்ளே விளக்கு வைப்பார்களாம். கப்பலேறிப் போனவர்களுக்கு அங்கே பூசணி கிடைத்தது, குடையவும் சுலபம், வழக்கம் அதற்கு மாறிவிட்டது. மேயோவில் காசல்பார் ஊருக்கு அருகே உள்ள அருங்காட்சியகத்தில் பழைய டர்னிப் முகம் ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. போனில் படம் காட்டினார். சுருங்கிய தோலும் கோணல் பல்லுமாக, நிஜமாகவே பயமாக இருந்தது. பூசணி முகம் இதன் பக்கத்தில் நிற்காது.

சொன்னதோடு விடாமல் ஒரு டர்னிப்பைக் கொண்டுவந்து குடையவும் ஆரம்பித்தார். உள்ளே கட்டை மாதிரி இருக்கிறது. கேன்டீன் கரண்டி வளைந்ததுதான் மிச்சம்.

அக்டோபர் 28, திங்கள்

விடுமுறை. முறுக்கு சுட்டேன். நேற்றுக் குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதால் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. இருட்டியதும் தெருக்கோடியில் வெடிச் சத்தம். இங்கே உரிமமில்லாமல் பட்டாசு வைத்திருப்பதே குற்றம், கம்பி மத்தாப்பு போன்ற சின்ன வகைகளுக்குத்தான் விலக்கு. ஆனால் ஹாலோவீன் சமயத்தில் பையன்களுக்கு எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது. சட்டத்துக்குப் பயந்த நான் மத்தாப்புப் பெட்டியோடு உட்கார்ந்து அவர்கள் வெடியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 31, வியாழன்

ஊரில் நாலு மணிக்கே எழுப்பிவிடுவார்கள். இங்கே சூரியன் வரவே ஏழு மணி தாண்டும், ஆறு மணிக்கு நிதானமாக எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அம்மா போனில், "நல்ல நாளும் அதுவுமா பேய்க்கு விழாவாடி?" என்றாள். "இதுவும் நரகாசுரன் செத்த நாள்தானேம்மா" என்றேன். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

பட்டுப்புடவையில் போனேன். லிஃப்டிலேயே ஒருவர், "பிரமாதமான வேஷம்!" என்றார். மனிதவளப் பிரிவுப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தன் மடலில் தானே தடை போட்ட உடை எதிரே நிற்கிறது, உடுத்தியிருப்பவளோ அதற்குச் சொந்தக்காரி. தீபாவளி என்று விளக்கியதும்தான் மூச்சு விட்டாள். போட்டியில் எனக்கும் சில ஓட்டு விழுந்திருந்தது. இது வேஷமில்லை, பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். வாழைப்பழமாக வந்திருந்த எங்கள் மேலாளருக்கு முதல் பரிசு. மேலாளருக்கே பரிசு கொடுக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

வேஷம் போட்ட பெரியவர்கள் கொஞ்ச நேரத்தில் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார்கள். பேச்சு களைகட்டியது சாப்பாட்டு மேசையில்தான். ஓடோடு வேர்க்கடலை, என் முறுக்கு, நடுவில் பார்ம்பிராக். உலர்திராட்சை போட்ட ரொட்டி அது, உள்ளே ஒரு மோதிரம் ஒளிந்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு சீக்கிரம் கல்யாணம். அந்தக் காலத்தில் காசு, கந்தல் துணி, பட்டாணி எல்லாம் வைப்பார்களாம். காசு வந்தால் செல்வம், கந்தல் வந்தால் வறுமை, பட்டாணி வந்தால் அந்த வருஷம் கல்யாணம் இல்லை. இப்போது கடை ரொட்டியில் மோதிரம் மட்டும்.

மேயோக்காரர் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி பேசினார். செத்தவர்கள் வீட்டுக்கு வரும் இரவு இது என்று அவர் பாட்டி கணப்பை அணைக்காமல், மேசையில் ஒரு இடம் விட்டுவிட்டுப் படுப்பாராம். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முன்னோருக்குப் படைத்துவிட்டுத்தான் புதுத்துணி, தாத்தாவுக்கு இலையில் சுருட்டும் உண்டு என்றேன். "எங்கள் தாத்தாவுக்குப் பைப் புகையிலை வைத்திருக்க வேண்டும், யாருக்கும் தோன்றவில்லை" என்றார். அதற்குள் பயிற்சிக்கு வந்திருக்கும் பையன் "ஆ!" என்று கத்தினான். மோதிரம் பல்லில் பட்டுவிட்டது. ஆளாளுக்குக் கல்யாணத் தேதி கேட்க, மோதிரத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காபி எடுக்கப் போனவன் அரை மணி நேரம் திரும்பவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

பூசணிகளை மூலையில் குவித்துவிட்டார்கள். மேயோக்காரர் வந்து, அடுத்த ஹாலோவீனுக்கும் முறுக்கு உண்டுதானே என்றார். அடுத்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20, ஹாலோவீனுக்குப் பதினொரு நாள் முன்னாலேயே வந்துவிடும், இரண்டு தடவை மாவு பிசைய என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். மேலாளரிடம் சொல்லி விருந்தை 20ஆம் தேதிக்கு மாற்ற முடியுமா என்று கேட்கப் போயிருக்கிறார்.