மணியை மதுரைக்குக் கொண்டுபோன கதை

வீடு மாற்றியதில் பீரோ, கட்டில், பாத்திரமெல்லாம் ஒரே நாளில் லாரியில் போய்ச் சேர்ந்துவிட்டன. மணியைத் தாம்பரத்திலிருந்து மதுரைக்குக் காரில் கொண்டுபோனதுதான் பெரும்பாடு. 12 வயது லாப்ரடார் நாய், 34 கிலோ, பின்னங்கால் இரண்டிலும் மூட்டுவலி.

முதல் அடி ஹார்னெஸ் கடையில். கழுத்துப்பட்டையில் சீட் பெல்ட்டை மாட்டினால் பிரேக் போடும்போது கழுத்துக்கே ஆபத்து, நெஞ்சைச் சுற்றிப் போடுகிற ஹார்னெஸ்தான் வேண்டும் என்பது தெரியும். கடைக்காரர் எடையை மட்டும் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தால் கொக்கி சேரவே இல்லை. திரும்பக் கொண்டுபோனால், “முடி ஒட்டியிருக்கு சார், எடுத்துக்க மாட்டோம்.” 1,400 ரூபாய் போச்சு. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

டாக்டர் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. வாந்திக்கு மாத்திரை தந்தார். மூட்டு வலிக்கிறதே என்று நாம் சாப்பிடும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபெனையோ கொடுத்துவிடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். மச்சான் ஓட்ட, பின்சீட்டில் நானும் மணியும். புரண்டு படுக்கட்டுமே என்று இரக்கப்பட்டு பெல்ட்டை நீளமாக விட்டிருந்தேன். அதுதான் வினை. மேல்மருவத்தூர் தாண்டியதும் முன்னால் போன லாரி சட்டென்று வேகத்தைக் குறைக்க, மச்சான் பிரேக்கை மிதித்தார். ரெக்ஸின் சீட்டில் மணி அப்படியே வழுக்கி, கால் வைக்கிற பள்ளத்தில் போய் விழுந்தான். கத்தக்கூட இல்லை. நகம் ரெக்ஸினைப் பிராண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. குட்டியாக இருந்தபோது ஒரே தாவில் மேலே வந்திருப்பான். இப்போது முன்னங்காலைச் சீட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஓரங்கட்டி இறங்கினோம். பழைய வேட்டியை நாலாக மடித்து அவன் வயிற்றுக்கடியில் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். கிழட்டு நாயை அக்குளில் கைகொடுத்து மட்டும் தூக்காதீர்கள். பின்பாரம் முழுக்க இடுப்பில் தொங்கும்.

அப்புறம்தான் புத்தி வந்தது. பள்ளத்தில் சூட்கேஸைப் படுக்கவைத்து அடைத்தோம். மேலே ஜமக்காளம், அதற்கும் மேலே என் மனைவியின் யோகா பாய், ரப்பர் பக்கம் மேலாக. பெல்ட்டைக் குறுக்கினேன்: எழுந்து உட்காரலாம், படுக்கலாம், சீட் விளிம்பைத் தாண்ட முடியாது. பக்கிளின் சிவப்புப் பொத்தானை அவன் பாதம் இரண்டு தடவை அழுத்தித் திறந்துவிட்டது, அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். முன்சீட்டில் உட்காரவைக்கலாமே என்றார் மச்சான். ஏர்பேக் வெடித்தால் நாய் தாங்காது என்று மறுத்துவிட்டேன்.

உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், விராலிமலை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தம். வயசான நாய் மூத்திரத்தை அடக்காது. திருச்சியில் நானும் மச்சானும் மாறி மாறித்தான் சாப்பிட்டோம். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு பத்து டிகிரி வரை ஏறிவிடும். கண்ணாடியை லேசாக இறக்கி வைப்பதெல்லாம் சும்மா கண்துடைப்பு.

மதியம் இரண்டு மணிக்கு மதுரை. அம்மா தண்ணீர்க் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். கதவைத் திறந்தேன், வேட்டியை எடுத்தேன். யோகா பாயில் நன்றாகக் காலை நீட்டிப் படுத்திருந்தவன் தலையைத் தூக்கி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான். இறங்க அரை மணி நேரம் ஆனது.