எஃப்.சி. காட்டப் போய் ஒரு எட்டுல மாட்டின கதை

எட்டு வருஷம் தாண்டின லாரி. அதுவரை ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா காட்டினது, இப்போ வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்று) காட்டணும். பத்து நாள் பட்டறையில நிறுத்தி லைனிங், கிங்பின், பட்டை செட், வயரிங் எல்லாம் முடிச்சேன். அதுல சொல்ல ஒண்ணுமில்லை, பணம் போச்சு, வேலை நடந்துச்சு. இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று, வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கான சான்று எல்லாம் கையில. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்தான் வயித்தெரிச்சல். முன்னால வெள்ளை, பக்கத்துல மஞ்சள், பின்னால சிவப்பு. போன வருஷம் ஒட்டினது துடைச்சா இன்னும் மின்னுது. அதை உரிச்சுப் போட்டுட்டுப் புதுசா ஒட்டினாத்தான் சான்று தருவாங்களாம்.

நான் பண்ணின தப்பு, கடைசி நேரத்துல போனது. சனிக்கிழமையோட எஃப்.சி. முடியுது, வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொண்டுபோய் நிறுத்தறேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்தான், எம்.வி.ஐ.ன்னு சொன்னா எங்க டிரைவருக்கே புரியாது) வண்டியை ஓட்டவிட்டு பிரேக் அடிக்கச் சொன்னார். தரையில கோடு விழுந்து நின்னுச்சு. லைட், ஹாரன், வைப்பர், பின்னால அடி தடுப்புக் கம்பி எல்லாம் பார்த்தார். போட்டோ எடுத்தார். வேலை முடிஞ்சதுன்னு டிரைவரை டீக்கு அனுப்பினேன்.

"சேஸ் நம்பர் பிரிண்ட் எங்க?"

வலது பக்கம் முன்சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு, சேஸுல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல, பொறிச்சிருக்கற நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சேன். ஒண்ணுமே வரலை. பெயிண்டர் தம்பி எஃப்.சி. வண்டியாச்சேன்னு சேஸுக்கு ரெண்டு கை கறுப்பு அடிச்சு, நம்பரையும் சேர்த்து மூடியிருக்கான். உப்புத்தாள், தின்னர் எல்லாம் போட்டுத் தேய்ச்சு 16 எழுத்து வரை வந்துச்சு. கடைசிக்கு முந்தினது எட்டா மூணான்னு தெரியலை.

"ஆர்.சி.ல எட்டுன்னு இருக்குங்க சார்."

"ஆர்.சி.ல இருக்கறது எனக்கும் தெரியும். வண்டியில காட்டுங்க."

அவர் கேட்டது நியாயம்தான், கோபம் கவுன்ட்டர்ல இருந்தவர் மேலதான். போன வருஷ பிரிண்ட் பழைய ஃபைல்ல இருக்குமே, பார்த்துச் சொல்லுங்கன்னு கேட்டேன். தலையைக்கூடத் தூக்காம, "அதெல்லாம் எடுக்க முடியாது, திங்கக்கிழமை வாங்க"ன்னார். திங்கக்கிழமை போனா இன்ஸ்பெக்டர் வேற முகாமுக்குப் போயிட்டார். வெள்ளிக்கிழமையே அதைச் சொல்லியிருந்தா டீசலாவது மிஞ்சியிருக்கும்.

எஃப்.சி. முடிஞ்சா ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அது போகட்டும். எஃப்.சி. இல்லாத வண்டி சட்டப்படி பதிவே இல்லாத வண்டி மாதிரி. ஆபீசுக்கும் பட்டறைக்கும் நடுவுல எவன் மேலயாவது உரசினா இன்சூரன்ஸ்காரன் கைவிரிச்சிருவான். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டினேன். ஓசூர் லோடு வேற வண்டிக்குப் போயிருச்சு.

பட்டறையில இருந்த பழைய பெயிண்டர் ஒருத்தர்தான் காப்பாத்தினார். "உப்புத்தாள் போட்டு இன்னும் தேய்ச்சீங்கன்னா நம்பரே போயிரும்ங்ண்ணா"ன்னு என்னைத் தள்ளி நிறுத்திட்டு, தையல் ஊசியும் பல் பிரஷும் எடுத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்துக் குழியில இருந்தும் பெயிண்டை நெம்பி எடுத்து, தின்னர் தொட்டுத் துடைச்சு, முக்கால் மணி நேரம். அப்புறம் பேப்பர் நகராம நாலு மூலையிலும் செல்லோடேப் ஒட்டி, பென்சிலைப் படுக்க வச்சுத் தேய்ச்சார்.

பெயிண்டுக்கு விடறதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு பிரிண்ட் எடுத்து வச்சிருங்க. நம்பர் மேல கிரீஸ் தடவி டேப் ஒட்டச் சொல்லுங்க. ஆன்லைன்ல அபராதம் ஏதும் பாக்கி இருக்கான்னும் பார்த்துருங்க, நான் தப்பிச்சேன், எனக்கு முன்னாடி நின்னவர் அதுல மாட்டினார்.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் பேப்பரை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சார். "எட்டு"ன்னார். டிரைவர் அதுக்குள்ள வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டான்.