வாக்கர் போக ஒரு வழி

செப்டம்பர் 21, 2025, ஞாயிறு

மகாளய அமாவாசை. இன்றைக்கு மேற்கு மாம்பலத்தில் கார் நிறுத்த இடம் தேடுகிறவரைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. தர்ப்பணத்துக்கு வந்தவர்களின் வண்டிகள் விடிவதற்குள் தெருவை அடைத்துவிட்டன. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. காரியம் முடிந்ததும் கிளம்பிப் போய்விடுவார்கள். கோபமெல்லாம், அமாவாசை பௌர்ணமி பார்க்காமல் எங்கள் காம்பவுண்டை ஒட்டிப் பிளாட்பாரத்தில் ஏறி நிற்கும் அந்த வெள்ளிக் கலர் கார் மேல்தான். பக்கத்து ஃபிளாட்டில் இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவருடையது.

அத்தை இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கிறார். தெருமுனைப் பிள்ளையார் வரை தினமும் போய்வரச் சொல்லியிருக்கிறாள் பிசியோதெரபிப் பெண். கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கார். ரோட்டில் இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்குகிற இடத்தில் அரையடிப் பள்ளம். வாக்கரை முதலில் கீழே வைத்து, ஒரு காலை இறக்கி, இன்னொரு காலை இறக்குவதற்குள் பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. சாப்பாடு டெலிவரிப் பையன்கள் ஹாரன் கூட அடிப்பதில்லை, உரசிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

செப்டம்பர் 24, புதன்

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். எதிர்வீட்டு மாமா மாடியிலிருந்து பார்த்து, "என்னம்மா, காருக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றார்.

பிளாட்பாரம் மொத்தமே ஐந்தடி. கார் இடதுபக்க இரண்டு சக்கரத்தை மேலே ஏற்றி நிற்கிறது. கதவுக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் 16 அங்குலம். கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் ஒன்பதே அங்குலம். வாக்கரின் அகலம் 24. ஒல்லியான பையன் பக்கவாட்டில் நுழைந்து போய்விடுவான், நான் போகமாட்டேன்.

சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு நடைபாதைக்கு வகுத்த விதிப்படி, தடங்கல் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், கிட்டத்தட்ட ஆறடி. காரே இல்லாவிட்டாலும் எங்கள் பிளாட்பாரம் அதில் பாஸாகாது. பிளாட்பாரத்தின் ஓரக் கல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் இருக்கிறது. கார் ஏறுவது கல் வழியாக இல்லை என்பதையும் இன்றைக்குத்தான் கவனித்தேன். வீட்டுக்கு வீடு கேட்டுக்கு முன்னால் சிமெண்ட் சரிவு போட்டிருக்கிறோமே, அதில் ஏறி அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து பிளாட்பாரத்துக்குப் போகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

நவராத்திரி. கார்க்காரரின் மனைவி வந்து கொலுவுக்குக் கூப்பிட்டுவிட்டுப் போனாள். நல்ல பெண். அத்தையைக் கைத்தாங்கலாக லிஃப்ட்டில் ஏற்றி, அவருக்கென்று நாற்காலி போட்டு, கொண்டைக்கடலைச் சுண்டலை மசித்துக் கொடுத்தாள். மரப்பாச்சிக்குத் தானே தைத்த பட்டுப்பாவாடையைக் காட்டினாள். மடியில் வெற்றிலை பாக்கையும் ரவிக்கைத் துணியையும் வைத்துக்கொண்டு "உங்க வீட்டுக் காரை எடுங்க" என்று எப்படிச் சொல்வது? அத்தை "பராசக்தி" என்று ஒரு பாட்டு எடுத்துப் பாதியில் வரி மறந்துபோனார். திரும்பி வருகிறபோது அதே காரைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கி வந்தோம்.

செப்டம்பர் 27, சனி

சட்டத்தில் என்னதான் இருக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் எங்கெங்கே வண்டி நிறுத்தக்கூடாது என்று பட்டியல் இருக்கிறது. நடைபாதை அதில் இருக்கிறது. அடுத்தவர் வாசலை மறைப்பதும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவின்படி முதல் தடவை 500 ரூபாய், திரும்பச் செய்தால் 1,500. இடைஞ்சலாக நிற்கும் வண்டியை இழுத்துக்கொண்டு போக 127-வது பிரிவு. போன மே மாதம்தான் உச்ச நீதிமன்றம், நடைபாதையில் நடப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்று சொன்னது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று தனிக் கொள்கை வகுத்தது.

ஆக, எழுத்தில் ஒரு குறையும் இல்லை. தெருவில் இதைப் பேசிப் பார்த்தபோதுதான் வேறு ஒன்று தெரிந்தது. யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, "உங்க கேட்டை மறைக்கிறானா?" இல்லை என்றதும் முகத்தில் இருந்த அக்கறை இறங்கிவிடுகிறது. "அப்புறம் என்ன?" கேட்டை மறைத்தால் தெருவே சண்டைக்கு வரும். என் கார் வெளியே வர முடியாதது அநியாயம், என் மாமியார் வெளியே வர முடியாதது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருந்து என்ன பிரயோஜனம்?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காருக்குப் பிளாட்பாரத்திலேயே பூஜை. கழுவின தண்ணீர் எங்கள் கேட் வரை ஓடிவந்தது. நம்பர் பிளேட்டில் சந்தனம், பானெட்டில் மாலை, முன்னால் இரண்டு பக்கமும் சின்ன வாழைக்கன்று, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்தார்கள். குங்குமம் கலந்த சதை சிதறிக் கிடந்தது. ஸ்கூட்டர்காரர் ஒருவர் வழுக்கி, விழாமல் தப்பித்தார். நான் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல் எங்களுக்கும் வந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

தீபாவளிக்கு இரண்டு வாரம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரங்கநாதன் தெரு. இந்தப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு, மாம்பலம் ஸ்டேஷன் பாலம் ஏறி நடந்து போனால் பத்து நிமிஷத்தில் துணிக்கடை. ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தணிகாசலம் சாலையில் பல அடுக்குப் பார்க்கிங் கட்டியிருக்கிறார்கள், காசு கொடுத்து விடலாம். ஆனால் காலையில் எங்கள் கேட்டுக்கு நேரே நிறுத்தினவர், "அஞ்சே நிமிஷம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு போனார். திரும்பி வந்தது பெரிய பெரிய பைகளோடு, மதியச் சாப்பாடும் முடித்துக்கொண்டு. நான் கேட்டில் நின்று பார்த்ததும் பையனின் கையில் இருந்த பலூனைச் சரி செய்வது போல் குனிந்துகொண்டார்.

இந்த மாதிரி ஆளைக் கேட்கலாம், திட்டலாம், படம் எடுத்து போலீசுக்கு அனுப்பலாம். நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. சுண்டல் கொடுத்தவரைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அக்டோபர் 8, புதன்

எதிர்வீட்டு மாமா யோசனை சொன்னார்: "ரெண்டு பெரிய சிமெண்ட் தொட்டி வாங்கி வையேன். நான் அப்படித்தான் வச்சிருக்கேன்." வைத்திருக்கிறார், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அரளி, செம்பருத்தி, ஒரு துளசி மாடம். 'நோ பார்க்கிங்' என்று அவரே எழுதின இரும்புப் போர்டு வேறு. அனுமதி இல்லாமல் இப்படிப் போர்டும் மணல் மூட்டையும் தொட்டியும் வைத்தால் நடவடிக்கை என்று போக்குவரத்து போலீஸ் முன்பே எச்சரித்திருக்கிறது. அது கிடக்கட்டும். கார் நின்றாலும் அரளி நின்றாலும் வாக்கருக்கு ஒன்றுதான். மாமாவுக்குத் தொட்டி வைத்த இடம் சொந்த இடம் மாதிரி ஆகிவிட்டது. அவர் வாசலைத் தாண்டும்போதும் அத்தை ரோட்டில்தான் இறங்குகிறார்.

இதைச் சொன்னபோது, "செடிம்மா அது" என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்றைக்குப் பேசிவிட்டேன். கார்க்காரர் கீழே காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். விளக்கமே தேவைப்படவில்லை. அத்தை வாக்கரைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. "தம்பி, நான் இப்ப எப்படிப் போகட்டும்?" என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே வழி கேட்டார்.

பையன் முகம் சிவந்துவிட்டது. "கேட்டை மறைக்கலையேன்னு இருந்துட்டேன் ஆன்ட்டி. ரோட்டுல முழுசா விட்டா உரசிட்டுப் போயிடறான். மழை வந்தா தண்ணியும் ஏறும், இங்க மேடா இருக்கு." பொய்யில்லை. வலதுபக்கக் கதவில் நீளமாக ஒரு கீறல். மழைக்காலத்தில் காரை மேடான இடமாகப் பார்த்து விடுவதை ஊரே செய்கிறது. போன வருஷம் அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தியதைப் பார்த்தோமே.

"ஃபிளாட்ல பார்க்கிங் இல்லையா?" என்றேன். எட்டு வீடு, நாலு பார்க்கிங். இவர் ஓனருக்கு ஒன்று உண்டாம், ஆனால் அதில் கார் விட முடியாதாம். ஏன் என்று கேட்டதற்கு, "நீங்களே வந்து பாருங்க" என்று கூட்டிப்போனார்.

பார்த்தேன். கதவு இல்லாத ஒரு இரும்பு பீரோ. பழைய ஃபிரிட்ஜ். தண்ணீர்ப் பஞ்சத்தில் வாங்கின நீல டிரம்கள். யாரோ வளர்ந்துவிட்ட பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள். ஓனர் அமெரிக்காவில். பூட்டிவிட்டுப் போனபோது போட்ட சாமான் பாதி, அப்புறம் ஆளாளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது பாதி. வாடகை ஒப்பந்தத்தில் பார்க்கிங்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறதாம். கேட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பையன் வாயைத் திறக்கவில்லை. ஒரு கார் நிற்க வேண்டிய இடத்தில் பீரோ, பீரோவுக்குப் பதில் பிளாட்பாரத்தில் கார், காருக்குப் பதில் ரோட்டில் அத்தை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஃபிளாட் செக்ரட்டரியைப் பார்த்தேன். "அது அவங்க பிரைவேட் ஸ்லாட் மேடம், நாங்க எப்படிக் கை வைக்கறது?" என்றார். நீல டிரம் யாருடையது என்று கேட்டேன். அவருடையது. பேச்சு கொஞ்சம் சுலபமானது.

அக்டோபர் 17, வெள்ளி

நல்ல மழை. காரின் முன்சக்கரம் நின்ற இடத்தில் ஸ்லாப் விரிசல் விட்டுப் பாதி உள்ளே இறங்கிவிட்டது. எங்கள் தெருவில் பிளாட்பாரம் என்பது மழைநீர் வடிகாலின் மூடிதான். ஆள் நடக்கப் போட்ட சிமெண்ட் பலகையில் ஒன்றரை டன்னை ஏற்றினால் எத்தனை நாள் தாங்கும்? மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குச் சொன்னேன், வந்து தடுப்பு வைத்துவிட்டு அளவெடுத்துக்கொண்டு போனார்கள். பையனே குடையைப் பிடித்துக்கொண்டு வந்து காரைக் கீழே இறக்கினார். சக்கரம் உள்ளே போயிருந்தால் ஆக்ஸில் போயிருக்கும் என்று மெக்கானிக் சொன்னாராம். என் பேச்சை விட அது நன்றாக வேலை செய்தது.

அக்டோபர் 25, சனி

தீபாவளி முடிந்தது. பழைய சாமான்காரர் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். பீரோவுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு, அமெரிக்காக்காரரின் தங்கை அடையாறிலிருந்து போனில் பேரம் பேசினாள். டிரம்களைச் செக்ரட்டரி மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார். சைக்கிளை மட்டும் யாரும் எடுக்கவில்லை, அதைத் தூணோடு சாய்த்துவைத்துவிட்டுக் காரை உள்ளே விட்டிருக்கிறார்கள். கஷ்டப்பட்டு நுழைகிறது.

சாயங்காலமே எங்கள் சுவரை ஒட்டி இரண்டு ஸ்கூட்டர் வந்துவிட்டன, ஒன்று அதே வீட்டுப் பெண்ணுடையது. டேப்பை எடுத்துப் பார்த்தேன், 30 அங்குலம். புது ஸ்லாப்பும் ஆடவில்லை. வாக்கர் போகிறது, அதனால் இதை இப்போதைக்கு விட்டுவிட்டேன். மாமாவின் அரளித் தொட்டி பற்றி நாளைக்கு அவர் மனைவியிடம் பேசப் போகிறேன். அந்த வீட்டில் அவர் சொன்னால்தான் நடக்கும்.