பசங்க கால் எக்ஸ்ரேல தெரியற கோடுங்க

கவர்மென்ட் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூம்ல வேலை எனக்கு. ஸ்கூல் லீவு விட்டா போதும், கால் வீங்கின பசங்க ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சுரும், வண்டி பின்னாடி உக்காந்து சக்கரத்துல கால விட்டது, செவுரு ஏறி குதிச்சது, வெறுங்காலோட ஃபுட்பால் ஆடி பந்துக்கு பதிலா கல்ல ஒதைச்சது. படம் ஸ்கிரீன்ல வந்ததும் அப்பா எட்டிப் பாத்துட்டு "ஐயோ எல்லா விரலும் ஒடஞ்சிருக்கே சார்"னு பதறுவாரு. அது முறிவு இல்லைங்க, குரோத் பிளேட், எலும்பு நீளமா வளர்ற எடம், குருத்தெலும்பா இருக்கறதால எக்ஸ்ரேல விழாது, கறுப்பா கோடு மட்டும் தெரியும். பொண்ணுங்களுக்கு 13-15 வயசு வாக்குல மூடிக்கும், பசங்களுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும்.

ட்ரெயினிங் வர்ற பசங்களும் கொழம்புவாங்க. கட்டைவிரல் மெட்டாடார்சல்ல, அதாவது விரலுக்கு பின்னாடி பாதத்துக்குள்ள இருக்கற நீள எலும்புல, இந்தக் கோடு கணுக்கால் பக்கமா இருக்கும், மத்த நாலுக்கும் விரல் பக்கமா இருக்கும். இதவிட தொல்லை சுண்டுவிரல் மெட்டாடார்சலோட அடி, 10-12 வயசுல அங்க தனியா மெல்லிசா ஒரு துண்டு எலும்பு தெரியும், கோடு நீளவாக்குல ஓடினா பெரும்பாலும் அது வளர்ச்சி, குறுக்க ஓடினா முறிவுன்னு பாக்கணும். கால் பெரண்டு வர்ற பசங்களுக்கு வலிக்கறதும் கரெக்டா அதே எடம்தான்!

எங்க ஆர்த்தோ டாக்டர் படத்த அப்பறம்தான் பாப்பாரு. மொதல்ல பையன் மூஞ்சிய பாத்துக்கிட்டே விரலால ஒவ்வொரு எடமா அழுத்துவாரு, பிளேட் மேல அழுத்தும்போது துள்ளினா படம் நார்மலா இருந்தாலும் கட்டு போட்டுருவாரு. 1963ல டொரோன்டோ டாக்டர்ங்க சால்ட்டரும் ஹாரிஸும் பிளேட் முறிவுங்கள பிரிச்ச அஞ்சு வகையதான் இன்னைக்கும் எழுதறாங்க, அதுல டைப் 1ல எலும்பு விலகாம இருந்தா படத்துல ஒண்ணும் தெரியாது, டைப் 5 பிளேட் நசுங்கறது, அது அந்த எடத்துல வளர்ச்சி நின்னப்பறம்தான் வெளியவே வரும். பெரியவங்களுக்கு ஜவ்வு கிழியற அடில பசங்களுக்கு பிளேட் விட்டுக்கொடுத்துரும், ஜவ்வவிட அதுதான் வீக். அதனால சுளுக்குன்னு எண்ணெய் போட்டு நீவிட்டு வர்றவங்கள பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும்.

ஆனா நான் சொல்ல வந்தது கால் கட்டைவிரல் பத்தி. இல்லாத முறிவுக்கு பதறுறவங்க இதுக்கு மட்டும் பதறவே மாட்டாங்க. ஒரு பையன், 12 வயசு இருக்கும், விரல்ல மஞ்சத்தூள் அப்பி துணி சுத்தி கூட்டிட்டு வந்தாங்க, அம்மா "நகந்தான் பேந்திருக்கு, டிடி ஊசி போட்டா போதும், டாக்டர்தான் படம் எடுக்க சொன்னாரு"ன்னு சலிச்சுக்கிட்டாங்க. துணிய பிரிச்சா நகத்தோட அடில ரத்தம் கசியுது, நகத்தோட வேர் தோலுக்குள்ள இல்லாம மேல வந்து கெடக்குது. நேர் படத்துல ஒண்ணுமில்ல. பக்கவாட்டு படம் எடுக்க மத்த நாலு விரலும் குறுக்க வரும், காஸ் துணிய போட்டு அதுங்கள கீழ இழுத்து பிடிச்சுக்க சொல்லி எடுத்தேன், நுனி எலும்போட பிளேட் மேல்பக்கமா வாய் பொளந்த மாதிரி தெறந்து நிக்குது.

நகம் மொளைக்கற சதை நேரா அந்த பிளேட் மேலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதனால நக அடில ரத்தம் வந்தா முறிவு வெளிக்காத்த பாத்துருச்சுன்னு அர்த்தம், மண்ணும் அழுக்கும் எலும்பு வரைக்கும் போகலாம். கைவிரலுக்கு 1966ல சீமோர்னு ஒருத்தர் எழுதினது, கால் விரலுக்கும் அதே பேர்தான் சொல்றாங்க. நல்லா கழுவி, நடுவுல மாட்டுன சதைய எடுத்துவிட்டு, ஆன்டிபயாட்டிக் குடுக்கணும், சில சமயம் கம்பியும் வைப்பாங்க. விட்டா எலும்புல சீழ் புடிக்கும், விரல் குட்டையாயிடும், நகம் கோணலா மொளைக்கும். இப்பல்லாம் கட்டைவிரல் அடின்னு வந்து சீட்டுல பக்கவாட்டு படம் எழுதலன்னா நானே போய் டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கறேன்.

இன்னொரு வருத்தம், ஆறு மாசம் கழிச்சு, ஒரு வருஷம் கழிச்சு வந்து வளர்ச்சி சரியா இருக்கான்னு படம் எடுத்துக்க சொல்லுவாங்க. கணுக்கால்ல பிளேட்டுக்கு மேல புதுசா ஒரு வெள்ளக் கோடு விழும், அது பிளேட்டுக்கு இணையா போனா நல்லா வளருதுன்னு அர்த்தம், சாய்ஞ்சு போனா ஒரு பக்கம் மாட்டிக்கிச்சு. ஆனா நடக்க ஆரம்பிச்சதும் பாதி பேரு வர்றதே இல்ல, கேட்டா பரீட்சைம்பாங்க.