மூச்செடுக்கும் அந்த அரை நொடி

நாற்பது வயதுக்குப் பிறகு முறையாக நீச்சல் கற்கத் தொடங்கிய எனக்கு, குப்புறக் கிடந்து கைகளை மாறி மாறி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலில் 25 மீட்டரைக் கடப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. உடலில் வலு போதவில்லை என்றே பல மாதங்கள் எண்ணியிருந்தேன். குளக்கரையில் நின்று நண்பர் ஒருவர் எடுத்துத் தந்த காணொளியைப் பார்த்தபோதுதான் காரணம் புலப்பட்டது. மூச்சுக்காகத் தலையைத் தூக்கிய ஒவ்வொரு முறையும் என் இடுப்பும் கால்களும் நீருக்குள் அமிழ்ந்தன; அடுத்த இரண்டு கைவீச்சுகளும் அவற்றை மேலே கொண்டுவருவதற்கே செலவாயின.

நீர், காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. நீரின் தடை ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதோடு, நீரை எதிர்கொள்ளும் உடற்பரப்பையும் பொறுத்திருக்கிறது. காற்று நிறைந்த மார்பு மிதக்க, கால்கள் இயல்பாகவே தாழ முயல்கின்றன. அதுவரை நீர் தாங்கிக்கொண்டிருந்த, ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையையும் வெளியே தூக்கினால், உடல் சரிந்து, தொடைகள் நீரோட்டத்துக்குக் குறுக்கே நிற்கின்றன.

ஆகவே தலையைத் தூக்காமல், உருளும் உடலோடு சேர்த்து அதைத் திருப்ப வேண்டும். முன்னேறும் தலை தனக்கு முன்னே சிற்றலையை எழுப்புவதால், கன்னத்தை ஒட்டி நீர்மட்டம் தாழ்ந்து ஒரு பள்ளம் உண்டாகிறது. ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்க, வாய் மட்டும் அந்தப் பள்ளத்தில் திறந்தால் போதும். மெதுவாக நீந்துவோருக்கு அப்பள்ளம் ஆழமாக அமைவதில்லை என்பதால், கற்கும் காலத்தில்தான் இது மிகவும் கடினமாக இருக்கிறது.

என்னிடம் நெடுநாள் நீடித்த பிழை வேறொன்று. வலப்பக்கம் மூச்செடுக்கும்போது, முன்னே நீண்டிருக்க வேண்டிய இடக்கை, ஊன்றுகோல்போல நீரைக் கீழ்நோக்கி அழுத்தியது. அந்த அழுத்தம் தலையை உயர்த்துமே தவிர, உடலை முன்னே செலுத்தாது. நீரைப் பின்னோக்கித் தள்ளும் வாய்ப்பும் அத்துடன் போய்விடும். முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சை விடாமல் அடக்கி வைத்திருந்ததுதான் அதன் வேர். வெளியே வந்த பிறகு மூச்சை விட்டு, மீண்டும் இழுக்க நேரம் தேவைப்பட்டதால், தலை கூடுதல் நேரம் வெளியே நின்றது. நீருக்குள் இடைவிடாமல் குமிழிகளாக மூச்சை விடப் பழகிய பின்னர், கை தானாகவே நீண்டு நின்றது.

எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் மூச்செடுப்பதற்குச் சிறு விலை உண்டு என்பதால்தான், 50 மீட்டர் வீரர்கள் பலர் ஒரு முறையோ, ஒரு முறைகூட இல்லாமலோ முடித்துவிடுகின்றனர். நெடுந்தொலைவில் அது இயலாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 8 நிமிடம் 4.79 நொடியில் கடந்த அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி, பெரும்பாலும் வலப்பக்கமே மூச்செடுப்பவர். மூன்று வீச்சுக்கு ஒருமுறை, இருபக்கமும் மாறி மாறி மூச்செடுப்பது உடலின் சமநிலைக்கு நல்லதுதான்; ஆயினும் மூச்சுத் திணறும் புதியவரை அதற்கு வற்புறுத்துவது தவறென்றே கருதுகிறேன்.

இடப்பக்கம் திரும்பும்போது என் வலக்கை இன்னும் சற்றுத் தாழ்கிறது. அதற்காக இந்த மாதம் முழுவதும், ஒருக்களித்துக் கிடந்து, கீழ்க்கையை நீட்டியபடி கால்களை மட்டும் உதைத்துச் செல்லும் பயிற்சியை மேற்கொண்டிருக்கிறேன்.