மறுபடி பற்றவைத்த இடம்

ஒரு வெல்டில் விரிசல் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "எப்போ தோண்டி எடுத்து நிரப்பலாம்?" என்பதைத்தான். அணுமின் நிலையத்தில் இந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வர வேண்டும். இது எந்த வகை விரிசல், ஏன் இங்கே வந்தது என்பது முதல் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் நிரப்பினால், அடுத்த விரிசலுக்கு நாமே இடம் பண்ணிக் கொடுக்கிறோம்.

2023 மார்ச்சில் பிரான்சின் பென்லி நிலைய முதல் உலையைப் பற்றி வெளியான தகவல் இதற்குச் சரியான சான்று. உலைக்கு அவசரக் குளிர்நீர் செலுத்தும் குழாயில், வெல்டின் அருகே 155 மி.மீ நீளத்துக்கு விரிசல். ஆழம் அதிகபட்சம் 23 மி.மீ, குழாயின் சுவரே 27 மி.மீ தான். நிலையம் கட்டப்பட்டபோது அந்த வெல்டு இரண்டு முறை பழுதுபார்க்கப்பட்டிருந்தது. 2000 அக்டோபரில் அமெரிக்காவின் வி.சி. சம்மர் நிலையத்தில், உலைக்கலத்தின் வெந்நீர்க் குழாய் இணைப்பில் கசிவு தெரிந்தது. அந்த வெல்டிலும் கட்டுமான காலத்துப் பழுதுகள் நிறைய.

காரணம் புரியாததல்ல. முதல் வெல்டு போடும்போது இரண்டு துண்டுகளும் கொஞ்சமாவது நகர்ந்து கொடுக்கும். பழுது வெல்டு, ஏற்கெனவே இறுகிப்போன எஃகின் நடுவே ஒரு குழியை நிரப்புகிறது. குளிரும்போது சுருங்க இடமில்லை. சுருக்கம் முழுவதும் இழுவிசையாக உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் பழுது வெல்டை அசல் வெல்டைவிடக் கடினமான வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் அதைச் சின்ன வேலை என்று மாலை ஷிப்டின் கடைசிக்குத் தள்ளிவிடுவதுதான் அதிகம்.

விரிசல் எங்கே, எப்போது தெரிந்தது என்பதே பாதி நோயறிதல். வெல்டின் மேல் படியும் கசடைத் தட்டியதுமே வெல்டின் நடுக்கோட்டிலோ, பீடு (ஒரு ஓட்டத்தில் விழும் வெல்டு வரி) முடியும் பள்ளத்திலோ தெரிந்தால் அது சூட்டு விரிசல். கந்தகமும் பாஸ்பரசும் கடைசியாக உறையும் படலத்தில் சேர்ந்திருக்கும். அல்லது பீடு அகலத்தைவிட ஆழம் கூடியிருக்கும். இதற்கு முன்சூட்டை (வெல்டுக்கு முன் உலோகத்தைச் சூடாக்குவதை) கூட்டிப் பயனில்லை. பீடின் வடிவத்தை மாற்ற வேண்டும், முடிவுப் பள்ளத்தை நிரப்பிவிட்டு ஆர்க்கை எடுக்க வேண்டும். ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் (குரோமியமும் நிக்கலும் கலந்த வழக்கமான ரகம்) என்றால் நிரப்பு உலோகத்தின் ஃபெரைட் எண் (சூட்டு விரிசலைத் தடுக்கும் ஃபெரைட்டின் அளவு) குறைந்தது 5 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சில மணி நேரமோ இரண்டு நாளோ கழித்து, வெல்டின் ஓரத்தில் அல்லது பீடுக்கு அடியில் வந்தால் ஹைட்ரஜன் விரிசல். ஹைட்ரஜன், கடினப்பட்ட நுண்ணமைப்பு, இழுவிசை ஆகிய மூன்றும் சேர்ந்து, உலோகமும் ஆறியிருந்தால்தான் இது வரும். பழுது வெல்டில் இழுவிசையை நீக்க முடியாது. மற்ற இரண்டைத்தான் கட்டுப்படுத்த முடியும். தடித்த தகட்டின் டி-இணைப்பில், தகட்டுக்குள்ளேயே படிக்கட்டு போல ஓடினால் அது அடுக்குக் கிழிவு. உருட்டலில் தட்டையான மாங்கனீசு சல்ஃபைடு துணுக்குகள் அங்கே பிரிந்து கொடுக்கின்றன. அந்தத் தகட்டில் வெல்டை மட்டும் எடுத்துப் புதிதாகப் போட்டால் கீழே இன்னொரு படி கிழியும். கிழிந்த பகுதியைத் தகட்டிலிருந்தே எடுத்து, மென்மையான வெல்டு உலோகத்தால் பூசி மேடாக்கி, அதன்மேல்தான் இணைப்பு வர வேண்டும்.

வகை புலப்படவில்லை என்றால், கௌஜிங் (கார்பன் கம்பியின் ஆர்க்கால் உலோகத்தை உருக்கி ஊதித் தோண்டுவது) தொடங்கும் முன் விரிசலோடு சேர்த்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து நுண்ணோக்கிக்கு அனுப்ப வேண்டும். கௌஜிங் முடிந்தபின் சாட்சியம் எதுவும் மிஞ்சாது.

இனி ஒரு கார்பன் எஃகுத் தாங்கமைப்பை எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ தகடு, ஓரத்தில் ஹைட்ரஜன் விரிசல். கண்ணுக்குத் தெரியும் நீளம் ஒருபோதும் முழு நீளமல்ல. யோக் என்ற கையடக்க மின்காந்தம் வைத்து காந்தத்துகள் சோதனை (விரிசலில் இரும்புத் துகள் ஒட்டிக் காட்டுவது) செய்து முனைகளைக் குறித்து, ஒவ்வொரு முனைக்கும் அப்பால் 50 மி.மீ நல்ல உலோகத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். கௌஜிங் இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி வர வேண்டும்; நடுவில் ஆரம்பித்தால் சூட்டிலேயே விரிசல் முனை பக்கமாக ஓடும். கௌஜிங்குக்கும் முன்சூடு வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முடிந்ததும் கார்பன் ஏறிய மேல்தோலை 1 முதல் 2 மி.மீ வரை கிரைண்டரால் எடுத்துவிட்டு, மறுபடி காந்தத்துகள் சோதனை. விரிசலுக்குள் ஊறும் சாயத்தால் கண்டுபிடிக்கும் டை பெனட்ரன்டை மட்டும் நம்பினால், கிரைண்டர் உலோகத்தை இழுத்து விரிசலின் வாயை மூடிவைத்திருக்கலாம். குழியின் அடி உருண்டிருக்க வேண்டும், வாய் விரிந்திருக்க வேண்டும், முனைகள் படகு போலச் சரிந்து ஏற வேண்டும். எலக்ட்ரோடு அடி வரை தாராளமாகப் போகாத குழியில் எந்த வெல்டராலும் நல்ல வேலை தர முடியாது.

இந்தத் தடிமனுக்கு, வழக்கமான கட்டமைப்பு எஃகில், அசல் வெல்டின் குறைந்தபட்ச முன்சூடு 65 டிகிரி செல்சியஸ். பழுதுக்கு அது போதாது. 110 டிகிரிக்குக் குறையாமல் வைப்பதே சரி. சூடு குழியின் எல்லாப் பக்கமும் குறைந்தது 75 மி.மீ தூரம் பரவியிருக்க வேண்டும். கேஸ் டார்ச் மேல்தோலைச் சுட வைக்கும், உள்ளே தகடு குளிர்ந்தே கிடக்கும். செராமிக் ஹீட்டிங் பேடும் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்புளும் வைத்து, முடிந்தால் எதிர்ப்பக்கத்தில் அளந்து பார்ப்பது நம்பகமானது.

7018 என்ற குறைஹைட்ரஜன் எலக்ட்ரோடை 260 முதல் 430 டிகிரிக்குள் இரண்டு மணி நேரம் உலர்த்தி, பிறகு 120 டிகிரிக்குக் குறையாத மின் அடுப்பில் (அவன்) வைத்து, கையடக்க அவனில் வெல்டரிடம் கொடுக்க வேண்டும். மின் இணைப்பில்லாத கையடக்க அவன் வெறும் டப்பா. வெளியே எடுத்து 4 மணி நேரம் தாண்டியது அன்றைக்கு வேலைக்கு ஆகாது. முதலில் குழியின் சுவர்களில் பூச்சுப் பாஸ் (பாஸ் என்பது ஒரு வெல்டு ஓட்டம்), பிறகு குறுகிய நேர்ப் பாஸ்கள். அகல வீச்சு வேண்டாம். ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிக்கக் கூடாது. பாதிக் குழியோடு ஷிப்ட் மாறினால் ஹீட்டிங் பேடை அணைக்கக் கூடாது. முடிந்ததும் ஆறவிடாமல் 250 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்து, வெப்பக் காப்புக் கம்பளத்தால் மூடி மெதுவாக ஆறவிட வேண்டும். அதன் பிறகு 48 மணி நேரம் கழித்துத்தான் காந்தத்துகள் சோதனையும் அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனையும். அதற்கு முன் செய்யும் சோதனையில் வரும் 'சரி' எதையும் சொல்லாது.

உலைக்கலம் போன்ற குறைகலப்பு எஃகில் சிக்கல் வேறு. வெல்டுக்குப் பின், கடினத்தையும் இழுவிசையையும் குறைக்க 600 டிகிரிப் பக்கம் ஏற்ற வேண்டும்; இருந்த இடத்திலேயே பல நேரம் முடியாது. டெம்பர் பீடு முறை அதற்காகத்தான். முதல் அடுக்கு உருவாக்கிய கடினப் பகுதியை, அடுத்த அடுக்குகளின் சூட்டைச் சரியான இடத்தில் விழ வைத்து மென்மையாக்குவது. பீடின் உயரம், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவு, சூட்டளவு எல்லாமே கணக்கு. இயந்திர டிக் (டங்ஸ்டன் மின்முனை) வெல்டிங்கில் சாதாரண வெப்பநிலையிலேயே இதைச் செய்ய அனுமதியுண்டு, ஆனால் மாதிரித் துண்டில் நிரூபித்த பிறகு.

ஸ்டெயின்லெஸில் எதிரி வேறு. 425 முதல் 815 டிகிரி வரையான பகுதியில் குரோமியம் கார்பைடாகி உலோகப் படிகத் துகள்களின் எல்லைகளில் படிய, அந்த எல்லை வழியே நீர் தின்னும். கார்பன் 0.03 சதவீதத்துக்குள் இருக்கும் ரகங்கள் அதனால்தான் வந்தன. என்றாலும் பென்லி குழாயைப் போலக் குறைகார்பன் ரகமும் விரிசல் விடும். கடுமையான கிரைண்டிங்கும் பழுதின் இழுவிசையும் போதும். கார்பன் எஃகில் ஓட்டிய கிரைண்டிங் வீலை இங்கே தொடக் கூடாது. குளோரைடு உள்ள மார்க்கரும் டேப்பும் வேண்டாம். வெல்டின் பக்கத்தில் துத்தநாகம் பூசிய கிளாம்பு இருந்தால் கழற்றிவிட வேண்டும், உருகிய துத்தநாகம் ஸ்டெயின்லெஸைப் பிளக்கும்.

எல்லாவற்றையும் தோண்ட வேண்டும் என்பதுமில்லை. விரிசலின் ஆழத்தையும் வளரும் வேகத்தையும் கணக்கிட்டு, குறிப்பிட்ட காலம் கண்காணிப்பில் விடலாம். அல்லது 30 சதவீதம் குரோமியம் உள்ள நிக்கல் கலவையால் குழாயின் வெளியே மேல்பூச்சு போட்டு உட்சுவரை இழுவிசையிலிருந்து அமுக்கு விசைக்குள் கொண்டுவரலாம். பல நேரம் தோண்டுவதைவிட இது நல்ல வேலை.

இதற்கெல்லாம் நெருக்கடி கொடுப்பது கதிர்வீச்சு அளவு. பணியாளருக்கு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 50க்கு மேல் கூடாது என்பதே சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. கதிர்வீச்சு அளவு ஏறும் இடத்தில் நிமிடங்கள் விலைமதிப்பற்றவை. அங்கேதான் முன்சூட்டைக் குறைக்கும் ஆசையும் 48 மணி நேரத்தை 24 ஆக்கும் ஆசையும் வரும். அதற்கு மாற்று, அதே அளவில் செய்த மாதிரியில், அதே உடை, அதே முகமூடி, அதே குறுகலான நிலையில் பலமுறை பழகுவது. கிரைண்டிங் தூசி கதிரியக்கத்தைக் காற்றில் ஏற்றும் என்பதால் ஹெப்பா (நுண்தூசி வடிகட்டி) உறிஞ்சி பக்கத்திலேயே இருக்க வேண்டும். குழாய்க்குள் போன பஞ்சும் கம்பித் துண்டும் கணக்கில் வர வேண்டும்.

கடைசியாகப் பதிவு. எந்த வெல்டு, எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம் தோண்டப்பட்டது, எந்தப் பேட்ச் எலக்ட்ரோடு, எத்தனையாவது பழுது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும். பென்லிக்குப் பிறகு பிரான்சில் பழுதுபார்த்த வெல்டுகளைச் சோதனையில் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். எந்த வெல்டு அது என்று பல பத்தாண்டுகளுக்கு முந்திய கட்டுமானக் காகிதங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.